சனிட்டரியின் புறாப்படை

கல்முனையில் எங்கள் காலத்தில் சனிட்டரிக்குப் பயப்படாதது கடல் ஒன்றுதான். அதுகூட அவள் கால் நனைக்க வந்தால் ஓரடி பின்வாங்கித்தான் போகும் என்று எங்கள் ஒழுங்கைத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் சத்தியம் செய்வோம்.

ஊரை இப்படி நடுங்கவைத்த சனிட்டரிக்கு அப்போது வயது பதினொன்று. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். முக்காடு எப்போதும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். தோணி செய்கிற ஓடாவியின் ஒரே மகள். வாப்பா ஆசையாய் வைத்த அழகான பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. வாத்தியார் இடாப்பில் பேர் கூப்பிடும்போது மட்டும்தான் அது எங்கள் காதில் விழும். அப்போதும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

பட்டப்பெயர் வந்தது ஐம்பதுகளின் நடுவில். கிணறு, கழிவுநீர்க் கான், குப்பை எல்லாம் பார்க்க அரசாங்கத்துச் சனிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். களிசானும் தொப்பியுமாய் அவர் வளவு வளவாக நுழைய, இவள் பின்னாலேயே போனாள். அவர் குனிந்தால் இவளும் குனிந்தாள். அவர் மூக்கைச் சுளித்தால் இவளும் சுளித்தாள். போகிற நேரம் அவர், "நோய் வருத்தம் எல்லாம் கையாலதான் பரவுது. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். சொன்னவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள்.

மறுநாளே இவள் வேலையைப் பொறுப்பேற்றுவிட்டாள். கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர்க்குடத்தை மோந்து பார்த்து உம்மாவிடம், "இதில பாசி மணக்குது சாச்சி" என்றாள். உம்மா அகப்பையை எடுத்தா. ஆனால் அவள் போன பிறகு, யாரும் பார்க்காத நேரம், குடத்தைத் தேய்த்துக் கழுவினா. அதுதான் சனிட்டரியின் பலம்.

என் தம்பியின் சுன்னத்து நாளன்று நடந்ததை எங்கள் குடும்பம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். ஆம்பிளைகள் எல்லாம் கூடியிருக்கிறார்கள். சுன்னத்துச் செய்கிற ஒஸ்தா கத்தியைத் தீட்டிக்கொண்டு முன்னால் வருகிறார். அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"ஒஸ்தா மாமா, கையச் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டீங்களா?"

ஒஸ்தா திடுக்கிட்டுப்போனார். "ஆர்ர புள்ள இது?"

"ஓடாவிர புள்ள. கழுவினீங்களா இல்லியா?"

கூடியிருந்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். ஒஸ்தா முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். மணையில் இருந்த என் தம்பியோ, யா அல்லா, அவர் நல்லாக் கழுவட்டும், அஸர் தொழுகை வரைக்கும் கழுவட்டும் என்று துஆக் கேட்டானாம்.

புறாக்கள் வந்தது தோணியால். சூசை அண்ணன் என்று ஒரு கத்தோலிக்க மீன்காரர் ஓடாவியிடம் தோணி ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். வேலை முக்கால்வாசி முடிந்து, தோணி கொட்டிலுக்குள் நின்றது. ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு சோடிப் புறா வந்து அதன் முன்பக்க அணியத்துக்குள் முட்டை இட்டுவிட்டது. சனிட்டரி எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து வாப்பாவின் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வாப்பா, குஞ்சு பொரிக்கிற மட்டும் இதில ஆணி அடிக்க ஒண்ணா."

ஓடாவி ஆறடி உயரம். மரத்தோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதரோடு பேசமாட்டார். மகளுக்கு "இல்லை" சொல்ல அவர் பழகியிருக்கவில்லை. அடுத்த கிழமை சூசை அண்ணன் வந்தார்.

"என்ன ஓடாவியார், கடல் திறந்திட்டு. என்ட தோணி எங்க?"

"நிக்குது."

"அப்ப இறக்குவமா?"

"ஏலா சூசை. அணியத்தில புறா அடை கிடக்கு."

"புறாவா? நான் தோணிக்குத்தானே சொன்னன்!"

"ஓம். ஆனா சனிட்டரி உடமாட்டா."

சூசை அண்ணன் சுறாவைப் பார்த்தவர், சுழிக்காற்றைப் பார்த்தவர். கோபமாய்த்தான் கொட்டிலுக்குள் போனார். அணியத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சனிட்டரி உதட்டில் விரலை வைத்து, "ஸ்ஸ்..." என்றாள். மனிதர் கால்விரலில் நடந்து வெளியே வந்தார். அந்தக் குஞ்சுகள் பறக்கும்வரை தன் தம்பியின் தோணியில் ஆளாகத்தான் கடலுக்குப் போனார். குஞ்சு பொரித்துவிட்டதா என்று பார்த்து வரத் தன் மகன் அந்தோனியை நாள்தோறும் அனுப்பினார். பார்க்க வந்த அந்தோனி வீட்டுக்குத் திரும்பிப்போக மறந்துபோனான். அப்படித்தான் அவனும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தான். நான், அந்தோனி, பக்கத்து வளவுக் கபூர். எல்லாருக்கும் தலைவி சனிட்டரி.

தோணி கடலுக்குப் போனது. புறாக்கள் போகவில்லை. ஓடாவி மண்ணெண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கிக் கூடு அடித்துக் கொடுத்தார். முதல் குஞ்சுகளில் ஒன்று தூய வெள்ளை. பஞ்சு என்று பெயர். அது சனிட்டரியின் தோளில் இருந்துகொண்டு பள்ளிக்கூட வாசல்வரை வரும். வாத்தியாரின் தலையைக் கண்டால் திரும்பிப் பறந்துவிடும்.

அந்த வருஷம் வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு பள்ளிக்கூட மைதானத்தில் கண்காட்சி வைத்தார்கள். பெரிய பூசணிக்காய், நெல்லுக்கதிர், ராட்டினம், பும்பாய் முட்டாசு இனிப்பு, ஒரு பக்கத்தில் பிள்ளைகள் வளர்க்கிற கோழி, முயல், புறா. சனிட்டரி பஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏதோ செய்கிறது.

வெள்ளைப் புறாவைக் கண்டதும் சனம் கூடிவிட்டது. "இஞ்ச தா புள்ள, ஒருக்காப் பாப்பம்" என்று ஒருவர் வாங்கினார். அவர் கையிலிருந்து இன்னொருவர். அவரிடமிருந்து இன்னொருவர். சனிட்டரி, "தாங்க, தாங்க" என்று கைகளுக்குப் பின்னால் ஓடினாள். உயரமான கைகள். புறா அவள் தலைக்கு மேலாலேயே போய்க்கொண்டிருந்தது. கடைசியாக அது போடியாரிடம் போனது. வட்டையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருந்த பெரிய மனிதர். நெல் மூட்டையைப் பிடிக்கிற கையால் பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பாருங்கடா, என்ட கையில எப்படி நித்திரை கொள்ளுது!"

எல்லாரும் சிரித்தார்கள். சனிட்டரி மட்டும் சிரிக்கவில்லை. எட்டி வாங்கினாள். பஞ்சின் தலை அவள் கைக்கு வெளியே தொங்கியது.

அவள் அழவில்லை. முக்காட்டை உருவிப் பஞ்சைச் சுற்றினாள். வெறுந்தலையோடு, பெரிய றோட்டின் நடுவால், வீட்டுக்கு நடந்தாள். பெண்பிள்ளை வெறுந்தலையோடு போகிறாள் என்று சொல்ல அன்றைக்கு அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கொஞ்ச நாள் அவள் யாருடைய குடத்தையும் மோந்து பார்க்கவில்லை. கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து புறாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கை நாதியற்றுப்போனது போல இருந்தது. எங்களைத் திட்ட ஆளில்லை. பிறகு ஒரு பின்னேரம் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

"மூச்சு எடுக்கக்குள்ள அதுர நெஞ்சு பொங்குது பாருங்க. நெஞ்ச அமத்திப் பிடிச்சா மூச்சு போற வழி இல்ல. அதுக்குக் கத்தவும் தெரியா. அதுதான் சத்தமில்லாமச் செத்திருக்கு."

அந்தோனி தன் கையை விரித்துப் பார்த்தான்.

"அடுத்த வருஷமும் போறம்" என்றாள்.

"இனி என்னத்துக்கு?" என்றான் அந்தோனி.

"இந்த ஊருக்குப் புறா பிடிக்கத் தெரியா. தெரியாதவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல்ல. நாம குடுப்பம்."

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பயிற்சி. பட்டாளத்தில்கூட அப்படி வதைத்திருக்க மாட்டார்கள். புறாவைத் தொட விடுவதற்கு முன் பப்பாசிப்பழப் பரீட்சை. தொட்டால் குழைகிற அளவுக்குப் பழுத்த பழத்தை ஆளுக்கு ஆள் கைமாற்ற வேண்டும். கடைசியில் அவள் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு நகக்குறி இருந்தாலும் எல்லாரும் பெயில். "இந்த வளவில ஒரு பப்பாசி உருப்படியாப் பழுக்குதா?" என்று அவள் உம்மா அடுப்படியில் இருந்து சத்தம் போடுவா. ஒரு நாள் கபூருக்குப் பசி. தன் முறை வந்ததும் பழத்தைத் தின்றுவிட்டான். பரீட்சைத் தாளையே தின்ற மாணவனை உலகத்தில் வேறெங்கும் கண்டிருக்க மாட்டீர்கள். அவனைப் படையிலிருந்து தள்ளிவைத்தாள். வேலிக்கு வெளியே நின்று இரண்டு நாள் அழுதான். பழக்கொட்டைகளை நட்டு வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொண்டாள்.

பழத்தில் தேறியவர்களுக்குத்தான் புறா. அதற்கும் முன்னால் நகப் பரிசோதனை, சவர்க்காரம், தண்ணீர். தொட்ட பிறகும் சவர்க்காரம், தண்ணீர். புறாவின் சொண்டில் வாய் வைத்துக் கொஞ்சினால் அன்றைக்கு முழுக்கக் கூட்டுப்பக்கம் வரக்கூடாது. துரத்திப் பிடிக்கக்கூடாது. பிடித்தபின் ஓடக்கூடாது, கத்தக்கூடாது. "அதுக்குக் காது இருக்கு. உனக்கு மட்டும்தான் இல்ல" என்பாள். பிடிக்கிற விதத்தைப் பாட்டுப் போலச் சொல்லவைப்பாள்:

"கால் விரலுக்குள்ள, நெஞ்சு கைக்குள்ள, பெருவிரல் செட்டைக்கு மேல, மனசுக்குள்ள அல்லா!"

அந்தோனி கையை உயர்த்தினான். "நான் என்ன சொல்ற?"

சனிட்டரி யோசித்தாள். "நீ மாதாவச் சொல்லு. ஆனா பெருவிரல் செட்டைக்கு மேலதான்."

அந்தக் கொட்டில், அந்த மரத்தூள் வாசம், கடற்காற்றில் கிடுகு சரசரக்கிற சத்தம், கைக்குள் ஒரு சூடான சின்ன நெஞ்சு அடித்துக்கொள்வது. அதற்குப் பிறகு எவ்வளவோ பாடம் படித்திருக்கிறேன். எதற்கும் அப்படி ஓடிப்போய் முதல் ஆளாய் நின்றதில்லை.

அடுத்த கண்காட்சிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அன்று சனிட்டரி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பின்னேரம் நாங்கள் ஓடிப்போனோம். வாசல் படலையில் அவள் உம்மா நின்றா.

"அவ பெரியபுள்ளயாகிட்டா. இனி வெளிய வரமாட்டா. ஆம்பிளப் புள்ளைகள் போங்க மனே."

அந்தோனியும் கபூரும் விளங்காமல் நின்றார்கள். நான் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. உள்ளே போக விட்டார்கள். இருட்டறையின் மூலையில் புதுப்பாயில் இருந்தாள். முக்காடு முதல் முறையாக நேராக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைக் கண்டதும், "நகத்தக் காட்டு" என்றாள்.

ஓடாவி வாசலுக்கு வெளியே உளியோடு வந்து நின்றார்.

"வாப்பா, ஒரு நாளைக்கு மட்டும். முக்காட்டோட போறன். பின்னுக்கு நிண்டு பாக்கன். ஒண்டும் கதைக்கமாட்டன்."

"மகள்..." என்றார் அவர். "ஊரு ஒத்துக்காது மகள்." உளியை நிலத்தில் வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார். அவர் உளியில்லாமல் போனதை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கண்டேன்.

சனிட்டரி முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தோனியும் கபூரும் பிடிக்கட்டும். நீ வாளிக்குப் பக்கத்தில நில்லு. கை கழுவாதவங்களுக்கும் பாயில குந்தாதவங்களுக்கும் புறா இல்லண்டு நீதான் சொல்லணும்."

"என்னத்துக்குப் பாயில குந்தணும்?"

"குந்தினாத்தான் கை எல்லாம் ஒரே உயரத்தில நிக்கும்."

"நானா சொல்ற? பெரிய ஆக்கள் அடிச்சா?"

"நீ சின்னவள். உனக்கு ஒருத்தரும் அடிக்கமாட்டாங்க. அடிச்சா அழு. ஆனா சொல்லிட்டு அழு."

கண்காட்சி அன்று மைதானத்தில் வேம்பு நிழலில் பாயை விரித்தோம். வாளி, சவர்க்காரம், துணி மூடிய கூடை. ஒரு புறா கொஞ்ச நேரம் கையில் இருந்தால் பிறகு கூடைக்குள் ஓய்வு. அடுத்தது வெளியே வரும். கழுத்தைப் புடைத்துக்கொண்டு நடப்பதால் புதுமாப்பிள்ளை என்று பேர் எடுத்த சாம்பல் புறாதான் எங்கள் பெரிய ஆள். முதலில் சனம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. பிறகு ஒரு சின்னப்பிள்ளை கை கழுவிக் குந்தியது. அதன் உம்மா குந்தினா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளிக்கு முன்னால் வரிசை வந்துவிட்டது. கபூர் ஓடி ஓடித் தண்ணீர் மாற்றினான்.

அந்த நேரம் சனம் விலகியது. போடியார் வந்தார்.

"இஞ்ச தா பாப்பம்" என்று நின்றபடியே கையை நீட்டினார். அதே கை. அந்தோனி புதுமாப்பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கபூர் வானத்தைப் பார்த்தான். நான் சவர்க்காரத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

"கை... கையக் கழுவுங்க போடியார்."

"என்ன?"

"கழுவிட்டுப் பாயில குந்துங்க. குந்தாதவங்களுக்குப் புறா இல்ல."

சொல்லிவிட்டு, சொன்னபடியே அழத் தொடங்கினேன்.

பாயில் குந்துவதா? போடியார் குந்தி யாரும் கண்டதில்லை. அவர் போகிற இடமெல்லாம் உட்காரக் கதிரை முன்னால் ஓடும்.

"இப்படிச் சொல்லச் சொன்ன ஆரு?"

"சனிட்டரி" என்றோம் மூன்று பேரும்.

"ஓடாவிர மகளா? எங்க அவ?"

"அவ பெரியபுள்ளயாகிட்டா. வரமாட்டா" என்றேன் விக்கலுக்கிடையில்.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வாளிக்குப் பக்கத்தில் வந்து சட்டைக் கையை மடித்தார். சவர்க்காரத்தை வயல்வேலைக்காரன் போல முழங்கை வரைக்கும் தேய்த்தார். முழங்காலைப் பிடித்து, "யா அல்லா" என்று முனகிக்கொண்டு, பாயில் குந்தினார். அந்தோனி அவருடைய விரலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "கால் விரலுக்குள்ள. நெஞ்சு கைக்குள்ள. அமத்த ஒண்ணா. பெருவிரல் செட்டைக்கு மேல."

புதுமாப்பிள்ளை அந்தப் பெரிய கைக்குள் அசையாமல் இருந்து கண்ணைச் சிமிட்டியது. போடியாரின் முகம் மெல்ல மாறியது.

"இதுர நெஞ்சு அடிக்கிறது என்ட கையில தெரியுதுடா" என்றார் ஒரு சின்னப்பிள்ளையைப் போல. பிறகு குரல் இறங்கியது. "மற்றதுக்கும் இப்படித்தான் அடிச்சிருக்கும். நான் கவனிக்கல்ல."

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. நடுவர் ஐயா வருகிற நேரம் பார்த்து நிந்தவூர்ச் சேவல் ஒன்று அட்டகாசமாய்க் கூவிவிட்டது.

கூடையோடு நான் அறைக்குள் போனதும் சனிட்டரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு புறாவாக எடுத்து நெஞ்சைக் காதோடு வைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது. "இப்ப சொல்லு" என்றாள். சொன்னேன். போடியார் முழங்காலைப் பிடித்து முனகிக் குந்தியதை எழுந்து நடித்தும் காட்டினேன். பெரியபிள்ளையான பெண் சத்தமாய்ச் சிரிக்கக்கூடாது என்று அடுத்த அறையில் பெண்கள் காவல் இருந்தார்கள். அவள் முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு நாள் கழித்துப் போடியாரின் வண்டில் வந்து ஒரு மூட்டையை இறக்கியது. பச்சைப்பயறு. "புறாக்களுக்காம்" என்றான் வண்டில்காரன். ஓடாவி ஒரு படி எடுத்துப் பயற்றங்கஞ்சி வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தொடப்படாது வாப்பா. அது புறாக்கள்ர!" அந்தக் குரலைக் கேட்டு ஓடாவி அன்றைக்குச் சந்தோஷமாய் ஒரு ஆணி அடித்தார்.

அதற்குப் பிறகும் நாங்கள் கண்காட்சிக்குப் போனோம். அவள் வரவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் என்னையும் அறைக்குள் இருத்தினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கையெட்டும் தூரம்தான். ஆனாலும் எப்போதாவது ஒரு கல்யாண வீட்டில், பெண்களின் கூட்டத்துக்குள், கண்ணால் மட்டும் கதைத்தோம். பிறகு அவளை இறக்காமத்தில் வயல்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். யானை வந்து வேளாண்மையைத் தின்கிற இடம் என்று அவள் உம்மா அழுதா. யானைகளுக்காக நான் கவலைப்பட்டேன். என்னையும் வேறொரு ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடிதம் எழுதிப் பழகாத காலம். ஆள் போய்க் கேட்டு வரும் செய்திகளும் ஒன்றொன்றாய் நின்றுபோயின.

இப்போதும் அக்கரைப்பற்றிலிருந்து அம்பாறை போகிற பஸ்ஸில் ஏறினால் நான் ஜன்னலோரத்தைத்தான் பிடிப்பேன். இறக்காமத்துச் சந்தி வந்ததும் பக்கத்து இருக்கையில் இருக்கிற என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். ஏறுகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பஸ் புறப்பட்டு வெகுதூரம் போகும்வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது.